நக்கிய அகப்பை

வேலேந்திய பெருமானின் திருவடி முன்னிற்க.

எண்பதுகளில் ஓர் ஆடிக் கிருத்திகை நன்னாள். மனைவி காய்ச்சலில் படுத்திருந்ததால், பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டில் முருகனுக்குப் படையல் சமைக்கக் காப்பார் என்னும் ஊரிலிருந்து ஒரு சமையற்காரரை அழைத்திருந்தேன். வெற்றிலைக் காவி படிந்த பற்கள், மூக்கு நுனியில் எப்போதும் ஒரு வியர்வைத் துளி. சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கூலா மலாக்கா என்னும் தென்னை வெல்லப் பாகில் பளபளக்கப் புரட்டியவர், அகப்பையை நக்கிவிட்டு மீண்டும் சட்டிக்குள்ளேயே இட்டார். எனக்குக் குமட்டியது.

“என்னய்யா பண்றீங்க? சாமிக்கு எச்சிலையா படைக்கிறது?”

“கறுப்பு வெல்லம் ஐயா. பாகு கரிஞ்சா கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும் லா.”

அவ்வளவையும் குப்பையில் கொட்டினேன். சட்டியை மும்முறை கழுவி, நானே புதிதாகச் சமைத்து, சுவை பாராமல், பதிகம் ஓதிப் படைத்தேன்.

பின்னர் அனைவரும் உண்ண அமர்ந்தோம். வாயில் வைத்ததும் ஒரே கரிக் கசப்பு. பிரசாதத்தைத் துப்பவும் இயலவில்லை. சமையற்காரர் மட்டும் முகம் சுளிக்காமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

“சாமியே சாப்பிட்டுட்டாரு, நமக்கென்ன ஐயா?”

அந்த அகப்பையை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. ஆயினும் அன்று கந்தனுக்குக் கசப்பை ஊட்டிய கை அவருடையதன்று.

இதைப் படிப்போர் யாவர்க்கும் அவன் இனியனவே அருள்வானாக.