சும்மா நிற்க நாற்பது மணி நேரம்

கெண்ட்ரா வாஸுக்குப் பன்னிரண்டு வயதிலேயே பசுவுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும். அவளுக்கு அது கடைசிவரை ஒரு தகுதியாகவே ஆகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அயோவாவில் சோளக்கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் கல்லூரியில் மொத்தமே எண்ணூறு பேர். டாக்டராக ஆசைப்படுகிறவர்கள் இங்கே நான்கு வருடம் இளங்கலை படித்து, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது எங்கள் குழுவிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும். குழு என்பது பேச்சுக்கு. எல்லாம் வேதியியல் பேராசிரியர் நூட்சன்தான். அவர் சொல்லச் சொல்ல இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள் நான்.

நூட்சன் கெட்டவர் இல்லை. படிவங்களை நம்புகிறவர், அது அதைவிட மோசம். ஒரு டாக்டரின் பின்னால் நாற்பது மணி நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும், எதையும் தொட்டிருக்கக் கூடாது என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. தங்கள் பண்ணையில் முந்நூறு கன்றுகளைக் கையால் வெளியே எடுத்திருப்பதாகக் கெண்ட்ரா அதில் எழுதிக் கொடுத்தாள். அவர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மாடு நோயாளிக் கணக்கில் வராது என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் கல்லூரியில் கறிக்கு உதவிய சுரைக்காய் ஏட்டில் ஏறாது.

ஆகவே அவள் ஊர் மருத்துவமனையின் ஒரே டாக்டரான ரீமரின் அறை மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் கணினியில் தட்டுவதைப் பார்த்தாள். முப்பத்தேழு மணி நேரம் ஆகியிருந்தபோது டாக்டர் தன் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போய்விட்டார். கடிதத்துக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை. மூன்று மணி நேரம்தானே என்று அவளுக்காக நானும் சொல்லிப் பார்த்தேன். விதி விதிதான், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் நூட்சன். ஒரு வருடம் போகிறது அவளுக்கு.

ஞாயிறு காலை அவரிடமிருந்து தொலைபேசி. புத்தகம் படித்து அவர் ஆசையாக வளர்க்கும் நாலு செம்மறிகளில் ஒன்று விடியலிலிருந்து குட்டி போட முடியாமல் தவிக்கிறதாம். பனியில் நெடுஞ்சாலை மூடியதால் நாற்பது மைல் தள்ளியிருக்கும் கால்நடை மருத்துவர் வர வழியில்லை. நான் யாரைக் கூப்பிட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கெண்ட்ரா கல்லூரி விடுதியிலிருந்து வண்டியில் வந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு அவர் தொழுவத்துக்குப் போனாள். வைக்கோலில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். முதல் குட்டியின் முன்னங்கால் பின்னால் மடங்கிக் கிடந்தது. நூட்சன் கையைப் பிசைந்துகொண்டு, புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதென்றால் என்று ஆரம்பித்தார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

சுவரோடு சுவராக நின்றார். மடங்கிய காலை நிமிர்த்தவே வெகுநேரம் ஆயிற்று. முதல் குட்டி மூச்சில்லாமல் விழுந்தது. அவள் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்துத் தேய்த்துக் கத்த வைத்தாள். பிறகு இரண்டாவது குட்டி, அதுவும் கோணலாகவே வந்தது. இரண்டும் எழுந்து மடி தேடும்வரை அவள் நகரவில்லை.

வாளித் தண்ணீரில் முழங்கை வரை கழுவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு மணி நேரம் நின்னிருக்கீங்க சார். உங்க படிவம் இருந்தா கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவள் சிரிக்கவில்லை. அவருக்குக் காது வரை சிவந்தது. நான் குட்டிகளைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

திங்கள் காலை எனக்கு முன்பே அலுவலகம் வந்து உட்கார்ந்திருந்தார். கடிதத்துக்குத் தாள் போடச் சொன்னார். தட்டும்போது எனக்குக் கண் கலங்கியது, ஆனால் பிழை ஒன்றும் விழவில்லை.

"விதிப்படி தேவையான நாற்பது மணி நேரத்தில் முப்பத்தேழு மணி நேரம் இவர் நின்றார்," என்று சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். "மீதி மூன்று மணி நேரம் நின்றது நான்."