அணைக்கக் கூடாத கார்

என் கார் ஓடும்போது நன்றாக ஓடும். வேகம் கூட்டும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் செத்துவிடும். சிவப்பு விளக்கில் சாகும். டோல் சாவடியில் சாகும். மகள் கல்யாணத்துக்கு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு அப்பா காரில்தான் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பெரிய கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன்.

கிள்ளான் பக்கத்தில் மேருவில் ஒரு பட்டறைக்காரர். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைத் திருத்துவார். கல்யாணத்தன்று காலைதான் அவருக்கு நேரம் கிடைத்தது. லேப்டாப்பைச் செருகினார். கால் எடுத்தால் எஞ்சினுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு எண்ணெய் என்று எண்களை மாற்றினார். கார் சாகவில்லை. ஆனால் எண்களைச் சேமிக்க முடியவில்லை.

"அண்ணே, சாவிய அணைச்சா எல்லாம் மறந்துடும். மண்டபம் வரைக்கும் அணைக்காதீங்க."

எதற்கும் கூட வருகிறேன் என்று முன் சீட்டில் உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் கார் ஓடிக்கொண்டே நின்றது. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். மகள் பின்னால் ஏறினாள். அவளுடைய தாய்மாமன் சூடம் காட்ட வந்தார். சூடம் காட்டும்போது எஞ்சின் ஓடக் கூடாது என்பது அவர் சட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உள்ளே விட்டு சாவியைத் திருப்பிவிட்டார்.

இரண்டு மணி நேர வேலை போனது.

கிளப்பினேன். பழத்தின் மேல் ஏறியதும் செத்தது. மறுபடி கிளப்பினேன். செத்தது. மச்சான் பழம் சரியில்லை என்று வேறு நான்கு வைத்தார். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. பட்டறைக்காரர், போங்கள், ஓட ஓடச் செய்கிறேன் என்றார். மிதித்துக்கொண்டே பழத்தைத் தாண்டினேன். அவர் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே வந்தார்.

ஹைவேயில் காலை எடுத்துப் பார்த்தேன். வேகம் எண்பதிலேயே நின்றது.

"கால எடுத்துட்டேன். இன்னும் போகுது."

"போகட்டும்ணே. சாகலல்ல?"

பின்னால் மகள் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

பிரேக்கிலேயே காரை இழுத்துப் பிடித்து மண்டப வாசலில் நிறுத்தினேன். நாதஸ்வரம் ஆரம்பித்தது. போட்டோக்காரர் பட்டறைக்காரரை இறங்கச் சொன்னார். வேலை முடியவில்லை என்று அவர் இறங்கவில்லை. ஆல்பத்தில் மணப்பெண் இறங்கும் எல்லாப் படத்திலும் லேப்டாப்போடு அவர் இருக்கிறார். சம்பந்தி, அவர் என்ன உறவு என்று கேட்டார். மேரு பக்கம் என்றேன்.

மகள் ஜன்னலில் குனிந்தாள். "அணைச்சிடுங்கப்பா. வந்துட்டோம்."

சாவியைத் திருப்பினேன். ஒரு நிமிடம் முன்னால்தான் எண்கள் சேமிப்பில் பதிந்தன என்றார் பட்டறைக்காரர்.

அதனால் இப்போதும் காலை எடுத்தால் கார் போய்க்கொண்டே இருக்கிறது. மாற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.