விரத நாளில் ஓடிய ஓட்டம்

இதை எழுத மாதக்கணக்கில் தயங்கினேன், வெட்கம்தான் காரணம்.

இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, குறையட்டும் என்று போன வருஷம் எங்கள் ஊர் உலு திராமில் தினமும் காலையில் ஓட ஆரம்பித்தேன். தைப்பூச விரதத்திலும் விடவில்லை. ராத்திரி ஒருவேளைதான் சாப்பாடு. ஆனால் சர்க்கரைக்கான காலை மாத்திரையை வழக்கம்போல விழுங்கிவிட்டு ஓடினேன். செம்பனைத் தோட்டத்துப் பக்கம் சர்க்கரை இறங்கி, கண் இருட்டி விழுந்தேன். முருகனே அனுப்பியதுபோல மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரர் ஒருவர், சீனி போட்ட தேநீர் கொடுத்து வீட்டில் விட்டார்.

மனைவி கொதித்துவிட்டாள். "முருகன் கும்புடத்தானே சொன்னாரு, ரேஸ் ஓடவா சொன்னாரு? நீங்க போய்ட்டா காவடிய நானா தூக்குறது?"

பக்தி என்று நான் நினைத்ததில் பாதி வீம்பு. வருஷம் பூரா ஓடியும் புத்தி வரவில்லையே என்று என்மேல் இன்னும் ஆத்திரம்தான். இப்போது எந்த விரதத்துக்கும் முன்னால் டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். அந்த நாட்களில் ஓடுவதில்லை.

விரதம் இருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். என் முட்டாள்தனத்தைக் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.