ஏழாம் எண் டோக்கன்

நான் எழுதலாமா என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு தமிழில் எழுதியதென்றால் மளிகைச் சீட்டும் ஊருக்குப் போட்ட நாலைந்து கடிதங்களும்தான். எனக்கு வாய் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மை. ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் காகிதத்தில் சொல்லப் பார்க்கிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறக்காததால் ஒருவருடைய வேலை போயிற்று. எழுத வேண்டியது அதுதான்.

செம்பூரைத் தாண்டி, எண்ணெய் டாங்குகளுக்குப் பின்னால், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழி ஓரத்தில் ஒரு படகுக் கிளப் இருக்கிறது. பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களின் கிளப். கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பதினெட்டுப் படகுகள், ஒரு தகர ஷெட், தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்ட் சரிவு, சரிவிலிருந்து மேலே வர பதினான்கு படிகள், அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன். சயானில் பஸ் பிடித்துச் செம்பூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

ஏப்ரல் பிறந்தால் கிளப்பில் வேலை கூடிவிடும். பரீட்சை முடிந்த பிள்ளைகளுக்குக் கோடை முகாம். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே சரிவில் வந்து நிற்பார்கள். செய்திப் பலகையில் வாரம் ஒரு செய்தி மாற வேண்டும். முகாம் எந்தத் தேதியில், கடைசிப் போட்டி எப்போது, மழைக்கு முன் படகுகளைக் கரையேற்றும் நாள் எது, யாருடைய படகுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றெல்லாம் செயலாளர் ஆங்கிலத்தில் எழுதித் தருவார். அதைப் பார்த்து நான் எழுத்து எழுத்தாகச் சாக்பீஸால் எழுதுவேன். போன வருடம் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். முகாம் பிள்ளைகள் அதைப் படித்துப் படித்துச் சிரித்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைகள் வருவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவேன்.

என் முக்கியமான வேலை டோக்கன் பலகை. படிகளுக்கு மேலே என் மேஜை, அதற்குப் பின்னால் பலகை. அதில் பதினெட்டு ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை வில்லை, வில்லையில் படகின் எண். தண்ணீருக்குப் போகிறவர் தன் வில்லையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் படியேறி வந்து தன் கையால் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் தண்ணீரில் இருக்கிறார் என்று அர்த்தம். பலகை நிறைந்ததும் நான் மணி அடிப்பேன். மணி அடித்தால்தான், தண்ணீரில் மாட்டிக்கொண்டவர்களை இழுத்து வர நிற்கும் ரெஸ்க்யூ போட் கரையேறும். அந்தக் கழியில் தண்ணீர் நிற்பது மூன்று நாலு மணி நேரம். வற்றத் தொடங்கினால் கண்ணெதிரே சேறு மேலே வரும். அப்புறம் எந்தப் படகும் அசையாது. அதனால் மணி அடித்தவுடன் ரெஸ்க்யூ போட்டை ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் அதுவும் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

ரெஸ்க்யூ போட் ஓட்டியவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். இளம் வயதிலேயே பம்பாய் வந்து தாராவியில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருவார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். காலையில் என் மேஜையைக் கடக்கும்போது ஏதாவது சொல்லாமல் போகமாட்டார்.

“என்ன தங்கச்சி, கலெக்டர் ஆபீஸ் தொறந்தாச்சா? மனு எதும் குடுக்கலாமா?”

நான் சிரிப்பேன். பதில் வராது. அதற்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார்.

ஏழாம் எண் படகு மாட்டுங்கா சார் ஒருவருடையது. ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வீடு. உறுப்பினர்களில் என்னோடு தமிழில் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். இரண்டு வருடமாக அவருக்கு முட்டி சரியில்லை. கையில் கம்பு. படகு வரைக்கும் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு போவார், கம்பை என் மேஜையில் சாய்த்துவிட்டு. தண்ணீரில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு முட்டி தேவையில்லை. வாலிபன் மாதிரி ஓட்டுவார். திரும்பி வந்ததும் கீழே நாற்காலியில் அரைமணி உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் படியேறுவார்.

அவர் படியேறி வரும் வரை மணி காத்திருக்க முடியாது என்று அவருக்காக மட்டும் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். அவர் வில்லையை நானே ஆணியிலிருந்து எடுத்து என் மேஜை டிராயரில் போட்டுக்கொள்வேன். அவர் பாய் சரிவுக்கு வருவது தெரிந்ததும் நானே மாட்டிவிடுவேன். அவர் பாயில் செங்கல் நிறத்தில் பெரிய ஒட்டுப் போட்டிருக்கும். அப்படி ஒட்டுப் போட்ட பாய் வேறு யாருக்கும் கிடையாது. எவ்வளவு தூரத்திலும் அடையாளம் தெரியும்.

அண்ணனுக்கு இது தெரியும்.

“பாத்துக்க தங்கச்சி. இவருக்கு மட்டும் நீ ஹோம் டெலிவரி பண்ணுத. செக்ரட்டரி கண்ணுல பட்டா ரெண்டு பேருக்கும் டாட்டாதான்.”

“நீர் ஏன் ஓய் கண்ணு வைக்கறீர்?” என்பார் சார். “என் முட்டி சம்மதிக்க மாட்டேங்கறது, அந்தம்மா உபகாரம் பண்றா. உமக்கென்ன வந்தது?”

“எனக்கென்ன சார். ரெண்டு சமோசா எனக்கும் டெலிவரி வந்தா வாய மூடிக்கிடுவேன்.”

சார் சமோசா வாங்கியும் கொடுத்திருக்கிறார்.

இந்த வருடம் கடைசிப் போட்டியும் கோடை முகாம் நிறைவும் ஒரே நாளில் வந்தன. பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் வந்திருந்தார்கள். மேஜைக்கும் சரிவுக்கும் நடுவே ஷாமியானா போட்டுவிட்டார்கள். துணிகளுக்கு இடையே ஒரு முழ அகலத்துக்குத்தான் எனக்குத் தண்ணீர் தெரிந்தது. கீழே இறங்கி நின்றிருக்கலாம். நல்ல உடை உடுத்தியவர்களுக்கு நடுவில் என் பழைய சேலையோடு போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் ஓர் இளம் தம்பதியின் பாய் கிழிந்துவிட்டதாம். சார் தன் ஒட்டுப் போட்ட பாயை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, புதிதாக வாங்கி வைத்திருந்த வெள்ளைப் பாயை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். இது கீழே சரிவில் நடந்தது. எனக்குத் தெரியாது. சரிவில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அண்ணன் மட்டும் அந்நேரம் டீசல் கேனோடு ஷெட்டுக்குள் இருந்தாராம்.

போட்டி முடிந்து படகுகள் வந்தன. துணி இடைவெளியில் செங்கல் நிற ஒட்டு தெரிந்தது. டிராயரைத் திறந்து ஏழாம் எண்ணை எடுத்து மாட்டினேன். அதன் பிறகு ஒரே கூட்டம். ஒவ்வொருவராக வந்து மாட்டினார்கள். அந்தத் தம்பதியும் வந்து அவர்களுடையதை மாட்டினார்கள், சிரித்துப் பேசிக்கொண்டே. பலகை நிறைந்தது.

அண்ணன் கீழேயிருந்து சத்தம் போட்டார். “எல்லாம் வந்தாச்சா தங்கச்சி? தண்ணி இறங்குது!”

“வந்தாச்சுண்ணே!”

மணி அடித்தேன். அவர் ரெஸ்க்யூ போட்டை வண்டியில் ஏற்றி மேலே இழுத்துவிட்டார். வழக்கமாக ஏற்றிய பிறகு படகுகளையும் ஒருதரம் எண்ணிப் பார்ப்பார். அன்று முற்றம் முழுக்க நாற்காலி. படகுகளை எங்கெங்கோ தள்ளி வைத்திருந்தார்கள்.

பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். செயலாளர் மைக்கில் பேசினார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்க் கோப்பை வாங்கினார்கள். நான் மேஜையைத் துடைக்கும்போது கை எதிலோ இடித்தது. பார்த்தால் சாருடைய கம்பு. மேஜையில் சாய்ந்தபடியே இருந்தது.

கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். இல்லை. பலகையைப் பார்த்தேன். ஏழாம் ஆணியில் நான் மாட்டிய வில்லை இருந்தது. அப்போதே எழுந்து கத்தியிருக்க வேண்டும். செயலாளர் பேசிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். முடிக்கட்டும் என்று நின்றேன். கை தட்டினார்கள். இன்னொருவர் பேச வந்தார். அவரும் முடிக்கட்டும் என்று நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். அதன் பிறகுதான் ஷெட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன்.

“சார் கம்பு இங்கதான் இருக்குண்ணே.”

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ஓடினார்.

தண்ணீர் போய்விட்டிருந்தது. முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால், பூநாரைகள் மேயும் திட்டுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் பாய் சாய்ந்து கிடந்தது. சுக்கான் ஒடிந்து அவர் அங்கேயே ஒதுங்கியிருக்கிறார். நாங்கள் வருவோம் என்று காத்திருக்கிறார். நான் மணி அடித்தது அவருக்கும் கேட்டிருக்கும்.

உறுப்பினர்கள் எங்கெங்கோ போன் போட்டார்கள். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான், தண்ணீர் ஏறட்டும் என்று. இடுப்பளவு சேறு. அண்ணன் பேசிக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்து மீனவர் குடியிருப்பில் சேற்றின் மேல் வழுக்கிப் போகும் பலகை ஒன்று வாங்கினார். இரண்டு பாட்டில் தண்ணீரையும் என் குடையையும் முதுகில் கட்டிக்கொண்டு, பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி மறுகாலால் தள்ளித் தள்ளிப் போனார். மே மாத வெயில். சாரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, கனமான உடம்பு. சாயங்காலம் தண்ணீர் ஏறும் வரைக்கும் குடையைப் பிடித்தபடி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கரையிலிருந்து பார்த்தால் கறுப்பாக அந்தக் குடை மட்டும் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சார் சர்க்கரை நோயாளி. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி படகு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை கமிட்டி கூடியது. கேரம் மேஜைக்குப் பின்னால் செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும். இந்தப் பக்கம் அண்ணனும் நானும். காலையில் பஸ்ஸில் வரும்போது ஒரே வாக்கியத்தை இந்தியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழாம் எண்ணை மாட்டியது நான்தான். அவ்வளவுதான், சின்ன வாக்கியம். பக்கத்து சீட்டுப் பெண் என் உதடு அசைவதைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தாள்.

முதலில் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அவர் குரல் மெலிந்திருந்தது. ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் புரிந்த வரைக்கும், டோக்கனை எடுக்க மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்தது. கடைசியில் தமிழில், “அந்தம்மா இருக்காளா? கவலைப்படாதேம்மா, நான் நன்னாயிருக்கேன்” என்றார். வைத்துவிட்டார்.

உறுப்பினர் மறந்தால் அது அவரோடு போயிற்று, பலகையில் தப்பில்லை, ஆனால் ஆள் மறப்பான் என்றுதானே படகை எண்ண ஒருவரை வைத்திருக்கிறோம் என்று செயலாளர் இந்தியில் சொன்னார். அண்ணனிடம் ஏன் எண்ணவில்லை என்று கேட்டார்.

“பெல் பஜா, சாப்” என்றார் அண்ணன். மணி அடித்தது, அவ்வளவுதான். என் டிராயர் பழக்கத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். பலகையில் பதினெட்டு டோக்கனும் இருந்ததா என்று கேட்டார்.

அதுதான் நேரம். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, கேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. அடுத்த கேள்வி என்ன வரும், எத்தனை நாளாக இப்படி என்று கேட்பார்கள், இரண்டு வருடமாக என்று சொல்ல வேண்டும், மூன்று பேரும் என்னையே பார்ப்பார்கள்.

“ஜீ, தே” என்றேன். ஆமாம், இருந்தன என்று. அது பொய் இல்லை.

அடுத்த சீசனுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் வெளியே வந்து, ஷெட்டுக்குள் போய்த் தன் சட்டையையும் சாப்பாட்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டார். நான் வாசலில் நின்றேன். ஏதாவது திட்டுவார் என்று நினைத்தேன்.

“என்ன தங்கச்சி, மூஞ்சிய இப்படி வச்சிருக்க? மழ வந்தா எப்படியும் நாலு மாசம் சும்மாதான கெடப்பேன். இப்பம் கொஞ்சம் முந்தியே லீவு.”

“அண்ணே...”

“அந்தக் கம்பக் கொண்டு பெரியவருட்ட குடுத்துரு. அவரு கம்பு இல்லாம என்ன செய்வாரு.”

“அண்ணே, நான் சொல்லிருக்கணும்.”

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். “சொல்லிருக்கணும்தான்” என்றார். பிறகு ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தார். எனக்கும் அந்த வழிதான். அவர் போன ஆட்டோ கிளம்பும் வரை உள்ளேயே நின்றுவிட்டு அடுத்ததில் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, படகுகளைக் கரையேற்றினார்கள். மத்தியானத்துக்குள் பதினெட்டும் ஷெட்டுக்குள் போயிற்று. ரெஸ்க்யூ போட்டைக் கழுவ ஒரு புது ஆள் வந்திருந்தார். வில்லைகளைத் துடைத்து டப்பாவில் போட்டுப் பூட்டினேன். செய்திப் பலகையை அழித்துவிட்டு, கிளப் செப்டம்பர் வரை மூடியிருக்கும் என்று செயலாளர் எழுதித் தந்ததைப் பார்த்து எழுதினேன்.