மூன்று குமிழ் ஸ்கோப்புகளும் ஒரு கல்யாண லீவும்

கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனுக்குச் சரக்கைப் பற்றி எல்லாம் தெரியும் என்று வாங்க வருகிறவர் நம்புவார். தெரியாது என்பது நிற்பவனுக்கு மட்டும்தான் தெரியும். கடையில் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுவில் துபாய் தேராவில் நான் சேல்ஸ்மேன். பைனாகுலர், டார்ச், வேட்டைத் துப்பாக்கி மேல் பொருத்தும் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், இவைதான் எங்கள் சரக்கு. கும்பகோணத்தில் நான் துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. என்.சி.சி.யில்கூட டிரம் அடித்தவன்.

முதலாளியின் நிபந்தனை

ஸ்கோப்பின் தலையில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று குறியைச் சரிசெய்யும் திருகுகள் இருக்கும். ஒரு வகையில் அவற்றுக்கு மூடி உண்டு. ஒரு தரம் காசை வைத்துத் திருகிச் சரிசெய்து, மூடியைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். இன்னொரு வகையில் மூடி கிடையாது. எண்கள் போட்ட உயரமான குமிழ்கள் நிமிர்ந்து நிற்கும். ரொம்ப தூரம் போகும் குண்டு தாழ்ந்துவிடும் என்பதால், தூரத்துக்கு ஏற்றபடி கையாலேயே திருகிக்கொள்ளலாம். சுட்டு முடித்ததும் ஞாபகமாகப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும்.

எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, ஆசைப்பட்டுக் குமிழ் வைத்ததில் மூன்று வரவழைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டியில் அவை தூசி வாங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில்தான் தை மாதம் எனக்குக் கல்யாணம் என்று லீவு கேட்டேன். அவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்.

"அந்த மூணும் போகட்டும், அப்புறம் நீ போ. கலாஸ்." கலாஸ் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

பாலைவனத்துக்காரர்

அல் ஐன் பக்கத்திலிருந்து ஒரு வேட்டைக்காரர் வந்தார். குமிழின் பெருமையை எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகத்தைச் சுற்றியிருந்த துணியைத் தொட்டுக் காட்டினார்.

"மணலுக்குப் பயந்து என் மூஞ்சியையே மூடி வெச்சிருக்கேன். இதுக்கு மூடி வேண்டாமா?"

மூடி போட்டதை வாங்கிக்கொண்டு போனார். எனக்குக் கல்யாண மண்டபமே ஒரு அடி தள்ளிப்போனது போல இருந்தது.

காதால் திருகியவர்

எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். தொலைவில் காகித அட்டையை நட்டுவைத்துச் சுடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. குமிழைக் காதோரம் வைத்து, 'கிளிக், கிளிக்' என்று எண்ணிக்கொண்டே திருகினார். கடையில் ஒருவரும் பேசக் கூடாது என்று கையைக் காட்டினார். அர்பாப்பே வாயை மூடிக்கொண்டார். என்னோடு வேலை பார்த்த திருநெல்வேலி சண்முகம் மட்டும் என் காதைக் கடித்தான்.

"ரேடியோல ஸ்டேசன் புடிக்க மாதிரில்லா திருகுதாரு. புடிச்சாச்சுன்னா நமக்கும் சத்தமா வைக்கச் சொல்லும்வே!"

பிடித்துவிட்டது போல. முதல் ஸ்கோப் போயிற்று.

யாரும் தொடாத குமிழ்

அடுத்தது ஹமத் என்ற இளைஞர். பார்க்க ஜோராக இருக்கிறதென்று இரண்டாவதை வாங்கினார். நான் மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்து தலைகுனிந்து நின்றார். மாமன் மகன்களோடு பந்தயம் வைத்தாராம். ஒரு குண்டும் இலக்குப் பக்கமே போகவில்லையாம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பார்த்தால், மேல் குமிழ் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் சுற்றியிருந்தது. யார் தொட்டது என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"யாருமே தொடலை! மஜ்லிஸுக்கு வந்த விருந்தாளிங்க மட்டும் ஒவ்வொருத்தரா வாங்கிப் பார்த்துட்டுக் கொடுத்தாங்க."

அவர் வீட்டு மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், புதுச் சாமான் எது வந்தாலும் காபியோடு அதுவும் கைக்குக் கை ஒரு சுற்று வருமாம். மூடி போட்டதாக மாற்றிக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டியில் பழையபடி இரண்டு. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியவர் வந்தார்

தை நெருங்கிவிட்ட சமயத்தில் ஹமத்தின் தகப்பனார் வந்தார். நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய், இரண்டு குமிழ் ஸ்கோப்புகளையும் எடுக்கச் சொன்னார். 'நல்ல சாமான், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் ஹமத் தலைகுனிந்து நின்றதைப் பார்த்தவன் நான். லீவு போனால் போகட்டும் என்று, "இது உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. விருந்தாளிகள் திருகிவிடுவார்கள்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். பின்னால் அர்பாப் தொண்டையைக் கனைத்தார். பெரியவர் நண்பனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு என் தோளில் தட்டினார்.

"தெரியும் சதீக். பையன் மூடி போட்டதை வாங்கி வந்ததிலிருந்து எல்லாரும் என் ரேடியோவைத் திருகறாங்க, நியூஸ் கேக்க முடியலை. அவங்க திருக இது ரெண்டும் இருக்கட்டும்."

நெடுந்தூரக் குறிக்கென்றே செய்த அந்த ஸ்கோப்புகள் பாலைவனத்தில் எதையாவது வீழ்த்தினவா என்று எனக்குத் தெரியாது. என்னைக் குறி தப்பாமல் கும்பகோணத்து மணவறையில் கொண்டுபோய் உட்கார வைத்தன.