சூசைநாதனின் குடிநுழைவுச் சட்டம்

ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோர் ஊர்க்காரரான சூசைநாதன் குடிநுழைவுச் சட்டத்தில் கரைகண்டவர். கண்டது சிங்கப்பூர்க் கரை ஒன்றைத்தான். வாலிபத்தில் ஜொகூரில் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவர். அந்தத் தகுதியில் உலகத்து எல்லைகள் அத்தனைக்கும் ஈப்போ சாப்பாட்டுக் கடைகளில் தீர்ப்புச் சொல்லிவந்தார்.

அமெரிக்காவில் படிக்கும் மகள் ஷார்மேன் போன டிசம்பரில் போனில் தயங்கினாள். "விசா முடிஞ்சிருச்சிப்பா. இங்கயே இருந்து படிச்சா பிரச்சினை இல்ல. வெளிய வந்தா, புது விசா இல்லாம திரும்ப உள்ள விடமாட்டாங்க."

"பாஸ்போர்ட் உயிரோட இருக்குல்ல? கோலாலம்பூர்ல அமெரிக்க எம்பசிக்குப் போனா, அதுல ஒரு சாப் குத்திக் குடுப்பான், முடிஞ்சிச்சுலா! நான் பார்க்காத இமிகிரேஷனா? கிறிஸ்மசுக்கு வா, ரெண்டு வாரத்துல போயிறலாம்."

"உன்னைப் பார்க்கணும் போல இருக்கு" என்று சொல்ல வெட்கப்பட்டவர், சட்டம் பேசினார். மகள் வந்தாள்.

பண்டிகை நன்றாகத்தான் கழிந்தது. ஆனால் விசா நேர்காணலுக்கு மார்ச்சில்தான் நாள் கிடைத்தது. சனவரியில் அவள் இல்லாமலே வகுப்பு தொடங்கியது. ஒரு பருவப் படிப்பு போயிற்று.

"பொண்ணு இன்னும் போகலையாண்ணே?" என்று அக்கம்பக்கம் கேட்டால், "அங்க பனி ஜாஸ்தியாம்" என்று வானிலைத் துறையையும் ஏற்றுக்கொண்டார்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டார். "எனக்கு அந்தப் பாலம் மட்டும்தாம்மா தெரியும்."

"தெரியும்பா," என்றாள் ஷார்மேன். "நீங்க ஆசையா கூப்பிட்டீங்க. வராம இருக்க முடியல." அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சூசைநாதனுக்கு. அந்த மீனை எடுத்து மகள் தட்டிலேயே திரும்ப வைத்தார்.