கம் செக்‌ஷனில் ஒரு பேய்க் கதை

என் மகளின் கைபேசிக்குத் தினம் ஒரு ஆங்கிலச் சொல் வருகிறது. வெளிநாட்டில் படிப்பதற்கு ஏதோ தேர்வு எழுத வேண்டுமாம். போன வாரம் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "அப்பா, நீ லிட்ரேச்சர் தானே, 'பேலிட்'னா இன்னா?" என்றாள். யோசிக்காமல் சொன்னேன்: வெளிறிப்போனது, பேயைப் பார்த்தவன் முகம் மாதிரி. அவள் என்னை மரியாதையாகப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அபூர்வமாகக் கிடைக்கிற பண்டம் அது. ஆனால் அதை அனுபவிக்க முடியாமல் எஸ்தர் அக்காவின் நினைவு வந்துவிட்டது. அந்தச் சொல்லை நான் கல்லூரியில் கற்கவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்க் கற்றுக்கொண்டேன்.

ஆங்கில இலக்கியம் படித்தவன் என்று அங்கே ஏற்றுமதிப் பிரிவில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். படித்தது உண்மைதான். ஆங்கிலம் வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பெட்டிகளுக்கு ஒட்டுகிற சீட்டுகளைத் தட்டச்சு செய்வேன். வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் கழிவறைக்குப் போய்விடுவேன்.

எஸ்தர் அக்கா கம் செக்‌ஷனில் இருந்தார். ஷூவின் தோலையும் உள்துணியையும் பசை தடவி ஒட்டுகிற இடம் அது. அந்தப் பசைக்குப் பெட்ரோலும் அழுகிய வாழைப்பழமும் கலந்த ஒரு வாடை. முதல் அரை மணி நேரம் நன்றாகக்கூட இருக்கும். பிறகு தலை சுற்றும். ஒரு ஃபேன் வைக்கச் சுவரில் ஓட்டை போட்டிருந்தார்கள். ஃபேன் வரவில்லை. தெருப் புழுதி தோலில் படிகிறதென்று அந்த ஓட்டையையும் அட்டை வைத்து அடைத்துவிட்டார்கள். அக்கா மேனேஜரிடம் பல தடவை கேட்டிருக்கிறார். பாக்கலாம்மா என்பார். அவர் எதைத்தான் பார்த்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்திலிருந்து பையர், அதாவது எங்கள் ஷூவை வாங்குகிறவர், வருகிறார் என்றால் கம்பெனிக்குத் திருவிழா. காலையில் எல்லோருக்கும் கையுறையும் மாஸ்க்கும் கொடுப்பார்கள். சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு தெரியும். பையர் ஒவ்வொரு மேசையாக நின்று "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். "குட் சார்" என்று சொல்லப் பழக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில்தான் அக்கா கண் வைத்தார்.

"தம்பி, அவரு கேக்கும்போது நானே சொல்லிர்றேன். இங்கிலீஷ்ல எய்திக் குடு."

நானாக எழுதினால் தப்பு வரும். அச்சில் இருந்தால் வராது. பள்ளிக்கூடத்தில் எங்கள் தலையில் இறக்கிய ஒரே நம்பிக்கை அதுதான். கட்டுரையோ கடிதமோ, யாரோ எழுதியதை மனப்பாடம் செய்து இறக்கிவைத்தே பட்டம் வரைக்கும் வந்தவன் நான். என்னிடம் இருந்த அச்சடித்த ஆங்கிலம், ஆடுகிற என் மேசையின் காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்த பழைய பாடப்புத்தகம். அதில் ஒரு பேய்க் கதை. பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, அங்கே தங்கப்போய் மாட்டிக்கொள்ளும் ஒரு மனிதன். கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருள்.

பேய்க் கதை என்றதும் அக்கா, "எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா எண்ணெ பூசி ஜெபம் பண்ணிருவாரு" என்று சிரித்தார். ஆனால் நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிவிட்டது. அந்த மனிதனுக்கு மூச்சு முட்டுகிறது. முகம் வெளிறுகிறது. சுவர்கள் நகர்வதுபோல் இருக்கிறது. "இது நம்ம செக்‌ஷன் தான்டா" என்றார்.

மத்தியானங்களில் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் பாடம் தொடங்கும். வெளிறல், நடுக்கம், மயக்கம் என்று ஒவ்வொரு சொல்லாக நான் ஆங்கிலத்தில் சொல்வேன். அக்கா உதட்டுக்குள் உருட்டிக்கொள்வார். கடைசியில் கதையிலிருந்தே மூன்று வாக்கியங்களை எடுத்து முழுசாக மனப்பாடம் செய்தார்: அந்த அறையில் ஏதோ இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை, என் மார்பின்மேல் உட்கார்ந்து மூச்சைக் குடிக்கிறது. இதைவிடச் சரியாக அந்தப் பசையைப் பற்றி யாராலும் சொல்லியிருக்க முடியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பையர் வந்தார். ஆறடி உயரம், இளகிய முகம். அக்காவின் மேசை முன் நின்று, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா மாஸ்க்கைக் கீழே இறக்கி, அடைத்த ஓட்டைப் பக்கம் கையை நீட்டி, மூன்று வாக்கியங்களையும் ஒரு பிசிறு இல்லாமல் சொன்னார்.

பையரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சின்ன வயதில் படித்த கதையாம் அது. கண்ணை மூடிக்கொண்டு நான்காவது வாக்கியத்தை அவரே சொன்னார், நாடக மேடையில் சொல்வதுபோல். மேனேஜர் கை தட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். ஃபேன் கிடைத்துவிட்டதென்று நினைத்து அக்காவும் சிரித்தார்.

நான் பின்னால் நின்றிருந்தேன். ஏதாவது சொல்லியாக வேண்டும். தொண்டையைத் திறந்தால் வந்தது இவ்வளவுதான்: "சார், ட்ரூ சார்." அவர் என் தோளில் தட்டி, ஆமாம், பேய்கள் உண்மைதான் என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

"இன்னா தம்பி சொன்னாரு? எப்ப போடுவாங்களாம்?"

எனக்குத் தமிழும் வரவில்லை.

அடுத்த மாதம் அக்கா பெயருக்கு லண்டனிலிருந்து ஒரு பார்சல் வந்தது. கெட்டி அட்டை போட்ட பேய்க் கதைத் தொகுதி. மேனேஜர் அதை அலுவலக வரவேற்பறையில் கண்ணாடி அலமாரியில் வைத்தார். வருகிறவர்களிடம், எங்கள் தொழிலாளி இதெல்லாம் படிப்பார் என்று காட்டுவார். அக்கா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் வேலூரில் வேறு வேலைக்குப் போகிற வரைக்கும் சுவர் ஓட்டையை அடைத்த அட்டை அப்படியேதான் இருந்தது.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. கட்டடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கம் செக்‌ஷன் இருந்த இடத்தில் பந்தி. சுவர் முழுக்கப் பெரிய ஃபேன்கள். காற்றில் இலை பறக்காமல் டம்ளரை வைத்து அழுத்த வேண்டியிருந்தது. பக்கத்து இலையில் நரைத்த தலையோடு எஸ்தர் அக்கா. நலம் விசாரித்தோம். மகன் நாட்றம்பள்ளியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறானாம். பாயசம் வந்தது. அக்கா தன் டம்ளரை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"நெய் வாசம் வருதா பாரு தம்பி. எனக்கு எந்த வாசமும் தெரியறதில்ல. அது போயி வருசம் ஆவுது."

முகர்ந்து பார்த்தேன். ஏலக்காயும் நெய்யும் ஆளைத் தூக்கின.

"வருதுக்கா."

"ஜாஸ்தியா?"

"ஜாஸ்தியாவே வருது."

"அப்ப நல்லாத்தான் செஞ்சிகீறாங்க" என்று அவர் குடிக்கத் தொடங்கினார்.